பருந்துக்காரி பிழைத்தாளா

எனக்குப் பொறுமை கிடையாது. கதையின் அடுத்த வாரத்துக்காகக் காத்திருப்பதைப் போலக் கொடுமை உண்டா என்று கேட்டால், கிடையாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இப்படிப்பட்ட என்னிடம் போய், முடிவு இல்லாத ஒரு கதையை என் மதினி தூக்கிக் கொடுத்தாள் பாருங்கள், அவளை என்ன செய்வது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம் அண்ணனைக் கட்டிக்கொண்டு விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு வந்தவள். அவளுக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பதினாறு. சீராக வந்த பித்தளை அண்டா ஆறு மாதம் பரணில் கிடந்தது. மாசியில் அம்மா அதை இறக்கியபோது, உள்ளே பழைய சேலையில் சுற்றி நாலு பைண்டு புத்தகங்களும் ஒரு கட்டு உதிரித் தாள்களும் இருந்தன.

"என்ன தாயி இது, வீட்டுப் பத்திரமா?" என்றாள் அம்மா.

"கதை அத்தை" என்றாள் மதினி.

அம்மா அண்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதையை நான் எடுத்துக்கொண்டேன்.

வார இதழில் வந்த தொடர்கதை. வாராவாரம் பின்னைக் கழற்றி அந்தப் பக்கங்களை மட்டும் பிய்த்துச் சேர்த்து, ஒரு பாகம் முடிந்ததும் பைண்டு பண்ணக் கொடுப்பது அந்தக் காலத்தில் கதைப் பைத்தியம் உள்ள எல்லா வீட்டிலும் உண்டு. ஜூன் மாதம் பள்ளிக்கூடப் புத்தகம் பைண்டு பண்ணுகிறவரே இதையும் தைத்துக் கொடுத்துவிடுவார். மொத்தம் ஐந்து பாகம். ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி ஆளைத் தூக்கும் பெரிய பருந்தின் முதுகில் ஏறிப் போய், பாகத்துக்கு ஒன்றாக மந்திரவாதிகளின் ஐந்து கோட்டைகளைப் பிடிக்கிறாள். கதையில் அவளுக்குப் பெரிய பெயர் உண்டு. எங்களுக்கு அவள் பருந்துக்காரி.

நாலு பாகத்தையும் ஒன்பது நாளில் முடித்தேன். ஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நினைக்கட்டும். அதுவரை நான் படித்த ராஜா கதைகளில் பெண்களுக்கு இருந்த ஒரே வேலை உப்பரிகையில் நின்று பெருமூச்சு விடுவதுதான். இவளோ, தன்னைக் காப்பாற்ற வந்த இளவரசன் பாழுங்கிணற்றில் விழுந்துவிட, ஆட்டுக்கயிற்றைப் போட்டு அவனைத் தூக்கிவிட்டு, "இனி நேரே வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பி வைக்கிறவள். அந்த இடத்தை நானும் மதினியும் மாற்றி மாற்றிப் படித்து, சிரித்துச் சிரித்து, உலையில் அரிசி குழைந்து அம்மாவிடம் வசவு வாங்கினோம்.

ஐந்தாம் பாகம் உதிரித் தாளாக இருந்தது. தீக்கோட்டை வாசலில் பருந்து அடிபட்டு விழுகிறது. பருந்துக்காரி தனியாக நெருப்புக்குள் நடந்து போகிறாள். தொடரும். அவ்வளவுதான் கட்டு.

"மிச்சம் எங்க மதினி?"

"அந்த வாரந்தான் எனக்குக் கல்யாணம்" என்றாள்.

எங்கள் வீட்டில் தினசரிப் பேப்பர் மட்டும்தான். வாராவாரம் காசு கொடுத்துப் பொய்யை வாங்குவானேன் என்பது அப்பாவின் கட்சி. புது மருமகள் எப்படி வாய் திறந்து கேட்பாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்த ஆறு மாதத்தில் கதையும் முடிந்துபோயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா" என்று அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் புளி கொட்டை எடுக்கும்போது அவளே பேசினாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். "மொத மூணு பாகமும் கிழிச்சுச் சேத்தது எங்க அக்கா. தலைப்பிரசவத்துல போயிட்டா. நாலாம் பாகம் அவளுக்குத் தெரியாது. பாதியிலயே போயிட்டா பாரு." கொட்டையை எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானும் முடிவு தெரியாமத்தான் போவேனோன்னு தோணுது. சிரிக்காத, நெசமாத்தான் சொல்லுதேன்."

நான் சிரிக்கவில்லை. கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினேன்.

நூலகத்தில் பழைய இதழ்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். வார இதழ் வாங்குகிற வீடுகளில் கேட்டால், ஒரு அக்கா, "நான் கோலமும் சமையல் குறிப்பும் மட்டுந்தான் பாப்பேன்" என்றாள். இப்படியும் மனுசர்கள் இருக்கிறார்கள். கடைசியில் மார்க்கெட் பக்கம் பழைய பேப்பர் கடைக்குப் போனேன்.

"ஏட்டி, எல்லாரும் இங்கன பேப்பரப் போட வருவாவ. நீ படிக்க வந்திருக்கே" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "நீ கேக்கதெல்லாம் பொட்டலங் கட்டப் போயிட்டு. இனி ஊரு பூரா வாங்கித் தின்னுதான் படிக்கணும்."

அவர் கேலிக்குச் சொன்னார். நான் அதையே வேலையாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் நான் தின்ற கடலைக்கும் பக்கோடாவுக்கும் கணக்கில்லை. வயிறு இரண்டு தடவை கெட்டது. பொட்டலத்தைப் பிரித்தால் ராசிபலன் வரும், முகப்பருவுக்கு டாக்டர் பதில் வரும். பருந்துக்காரி வந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. அத்தியாய எண் முதல் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். நடுத்தாள் எந்த வாரத்தது என்று தெரியாது. அதற்கு மதினிதான் வழி கண்டுபிடித்தாள். கதையைப் படிக்கும் முன் தாளைத் திருப்பி விளம்பரத்தைப் பார்க்க வேண்டும். ஆடித் தள்ளுபடி என்று இருந்தால் நம்மிடம் இருக்கிற தாள், தூரப் போடு. தீபாவளிப் புடவை என்று இருந்தால் கல்யாணத்துக்குப் பிந்தியது, விடாதே. எத்தனை ஆடித் தள்ளுபடிகள் வந்தன தெரியுமா. அந்தத் துணிக்கடைகளையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

தீபாவளித் தாள் பங்குனியில் வந்தது. அண்ணன் கடம்பூர் ஸ்டேஷனில் வாங்கிவந்த போளியைச் சுற்றி வந்தது. நெய்க்கறையின் வழியே எழுத்து தெரிந்ததும் போளியைத் தரையில் தள்ளிவிட்டுத் தாளைப் பிடுங்கினேன். பின்பக்கம் பட்டுப் புடவையும் மத்தாப்பும். "மதினி, தீபாவளி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். படித்துப் பார்க்காமல் கொடுத்தேன். அந்த அவசரப் புத்திக்கு இன்றைக்கும் என்னை நானே வைதுகொள்கிறேன்.

தாளில் சிதை எரிந்துகொண்டிருந்தது. பருந்து மூன்று முறை வட்டமிட்டு மறைந்தது. ஊர் அழுதது.

"எரிச்சிட்டாவளேட்டி" என்றாள் மதினி. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். "எங்க அக்காவும் ஐப்பசியிலதான் போனா."

அதோடு கதையைப் பற்றிய பேச்சு நின்றது. நான் பேச்செடுத்தால் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். சித்திரையில் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு தாய்வீட்டுக்குப் புறப்படும்போது புத்தகக் கட்டை என் மடியில் வைத்து, "நீயே வச்சுக்கோ, எனக்கு எதுக்கு" என்றாள். கூட்டத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்ததாக ஒரு தாள் சொன்னால் நம்பிவிடுவதா? நாலு கோட்டையைப் பிடித்தவள் அவ்வளவு லேசாகச் செத்துவிடுவாளா? பஸ் கிளம்பும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

தேடுவதையும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. ஆனி மாதக் காற்றில் கரிசல் புழுதி கண்ணைத் திறக்கவிடவில்லை. ஒருநாள் மாதப் பரீட்சை எழுதிவிட்டு மத்தியானமே வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நவ்வாப்பழம் வாங்கினேன். பாதி தின்றபிறகுதான் பழத்துக்கு அடியில் 'பருந்து' என்ற சொல்லைப் பார்த்தேன். மிச்சப் பழத்தைக் கீழே கொட்டினேன். தாளைத் திருப்பினேன். பொங்கல் பானை, இரண்டு கரும்பு, 'வாடிக்கையாளர்களுக்கு எங்கள் இனிய பொங்கல் வாழ்த்துகள்'.

பொங்கல் தீபாவளிக்குப் பிந்தியது. மறுபடியும் திருப்பினேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். எரிந்த இடது கையை மந்திரவாதியின் முகத்துக்கு நேராக நீட்டி, "நீங்கள் சிதையில் வைத்தது என் கவசத்தை. நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழக்காரம்மா, "என்ன பிள்ளே, பூச்சியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதிரில் விளாத்திகுளம் பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது. வீட்டில் சொல்ல வேண்டும், யூனிபார்ம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எட்டயபுரம் தாண்டியபிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு தாளை வழியெல்லாம் படித்தேன். பக்கத்திலிருந்த பெரியவரிடம், "பிழைச்சிட்டா தாத்தா" என்றேன். அவரும் யார் என்று கேட்காமல், "நல்லாயிருக்கட்டும்" என்றார்.

நான் போனபோது மதினி வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். காலையிலிருந்து வலியாம். ஆஸ்பத்திரிக்குக் காருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். உள்ளே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏட்டி, யாரு கூட வந்தே?" என்றாள்.

தாளை நீட்டினேன். "இப்பப் போயி என்ன படிப்பு" என்று அவள் அம்மா கையைத் தட்டிவிடப் பார்த்தாள். மதினி பிடுங்கிவிட்டாள். கதைப் பக்கத்தைப் பார்க்கவில்லை. முதலில் திருப்பி விளம்பரத்தைத்தான் பார்த்தாள்.

"பொங்கல்" என்றாள். பிறகு, "போன வருசப் பொங்கலா இருந்தா?"

"கையப் பாருங்க மதினி. கை எரிஞ்சிருக்கு."

படிக்க ஆரம்பித்தாள். பாதியில் வலி வந்தது. கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்தாள். ஆனால் படித்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. வலி இறங்கியதும் அந்த வரியிலிருந்தே தொடர்ந்து படித்தாள். தாள் முடிந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. தாங்கிப் பிடிக்க வந்த பெண்களிடம், "நானே வாரேன்" என்று எழுந்தாள்.

மறுநாள் காலையில்தான் என்னை வார்டுக்குள் விட்டார்கள். பிள்ளை அவள் அம்மா கையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மதினி கண்ணை மூடி அசையாமல் கிடந்தாள். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

நிழல் பட்டதும் அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"ஏட்டி" என்றாள், "அடுத்த தாளு எங்க?"