திருவொற்றியூர், எண்ணூர், கல்மண்டபம்: ஏழுமலையின் பத்திரத்துக்குச் சாட்சியாகப் போன நாள்

எண்ணூருக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. பொங்கல் கழிந்த மறுவாரம் ஏழுமலை போன் செய்து, ஒரு பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும், வந்துவிட்டுப் போ என்றான். துறைமுகத்தில் பதினோரு வருடம் ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள் நாங்கள். வீட்டை மகன் பேருக்கு எழுதுகிறான் போல என்று நினைத்து, ஆதார் நகல், இரண்டு போட்டோவோடு திருச்சியிலிருந்து கிளம்பினேன். என்ன பத்திரம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அவ்வளவுதான் என் புத்தி.

காலை 7.40க்கு எழும்பூர். அங்கிருந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன், ஐந்து ரூபாய். கும்மிடிப்பூண்டி வண்டிக்கு முப்பத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பீச்சிலிருந்து திருவொற்றியூர் பத்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் அதே ஐந்து ரூபாய்தான். வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ராயபுரம் ஸ்டேஷனின் பழைய தூண்களைப் பார்த்ததும் எனக்கு இருபத்தைந்து வயசு திரும்பி வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து, உடம்பெல்லாம் கோதுமைத் தூசியோடு, நானும் அவனும் தினமும் இதே பாதையில்தான் திரும்புவோம். நான் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன். அவன் சிக்னல்மேன். கப்பலின் அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்று கிரேன்காரருக்குத் தெரியாது. மேலே விளிம்பில் நின்று ஏழுமலை காட்டும் கையைப் பார்த்துத்தான் அவர் தூக்குவார், இறக்குவார். என்ன கம்பீரமான கை அது!

அந்தக் கையைத்தான் திருவொற்றியூர் வீட்டில் முதலில் பார்த்தேன். சுள்ளி மாதிரி ஆகியிருந்தது. நுரையீரலில் புற்று, எலும்புக்கும் பரவிவிட்டது, இனி சில மாதம்தான் என்றாள் அவன் மனைவி கஸ்தூரி. எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளிடம் கோபித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அப்புறம்தான் பத்திர விஷயமே தெரிந்தது. வலி தாங்காமல், ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறான். நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, இருந்தாலும் என் கை வராது என்றாராம் அவர். ஆனால் கடைசி நேரத்தில் மூச்சுக் குழாய், மெஷின் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், இரண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்றிருக்கிறார். கஸ்தூரிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் பயம். வலிக்கு மருந்து கடைசிவரை உண்டு என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை.

கல்மண்டபத்து நோட்டரி மூன்று மணிக்குத்தான் ஆபீசுக்கு வருவார். அதுவரை எண்ணூர் முகத்துவாரம் போகலாம் என்றான் ஏழுமலை. ஆட்டோ பேசினேன், கஸ்தூரியும் கூட வந்தாள். முகத்துவாரம், அங்கிருந்து கல்மண்டபம், பிறகு வீடு, காத்திருப்பும் சேர்த்து 900 ரூபாய். கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றதில் எட்டு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், "பள்ளம் வர்து நைனா, கெட்டியா புச்சிக்கோ" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். அந்த மனுஷருக்கு என்றைக்கும் நல்லது நடக்கட்டும்.

துறைமுக வேலை நாட்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களிடம் வாங்கி, ரூமில் வறுத்துத் தின்போம். ஏழுமலை உப்பை அள்ளிக் கொட்டுவான். இப்போது தண்ணீரில் ஒரு சாம்பல் நிறம். புகைபோக்கிகள் கூடியிருக்கின்றன. இறால் பிடிக்க இரண்டே பேர் இருந்தார்கள். ஆனால் காற்று அதே காற்று. ஆட்டோவிலேயே உட்கார்ந்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். கஸ்தூரி சொல்வதும் நியாயம்தானே, கொஞ்சம் பொறுக்கலாமே என்றேன்.

"எங்க அண்ணனுக்கு கொழா சொருவி பத்தொம்போது நாள் வச்சிக்கினு இருந்தாங்கோ மாமு" என்றான். "புடுங்கிடுவாருன்னு ரெண்டு கையும் கட்டிட்டாங்கோ. ஹார்பர்ல இன்னா ரூலு? தூக்குன்னு சிக்னல்மேன் ஒருத்தன்தான் சொல்லணும். நிறுத்துன்னு எவன் வேணா சொல்லலாம். டீ கொணார்றவன் கை காட்னாக்கூட கிரேன் நிக்கணும். என் ஒடம்ப நிறுத்துன்னு நான் சொன்னா மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

பதில் கஸ்தூரியிடமிருந்து வந்தது.

"லோடப் பத்தியே பேசு. அடியில நிக்கிறது யாருன்னு பாத்தியா?" என்றாள்.

லோடுக்கு அடியில் ஆள் நின்றால் ஏழுமலை கையை அசைக்கவே மாட்டான். அவள் பையிலிருந்த பத்திர நகலைக் கேட்டு வாங்கினான். அவனால் பேச முடியாத நிலை வந்தால் யார் முடிவு சொல்வது என்ற இடத்தில் மகன் பெயரும் என் பெயரும் இருந்தன. என் பெயரை அடித்துவிட்டு, அவள் பெயரை முதலில் போடச் சொன்னான்.

"நீ சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் இருக்கறேன்" என்றான் அவளிடம்.

கல்மண்டபத்தில் நோட்டரி புதிதாக டைப் அடித்துக் கொடுக்க நாற்பது நிமிடம் ஆனது. நானும், இன்னொரு சாட்சியாக அங்கே வந்து சேர்ந்த பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் கையெழுத்துப் போட்டோம். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: பகல் பதினொன்றுக்குள் எண்ணூரைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் வெயிலும் லாரியும் விடாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. கையில் தண்ணீர் இருக்கட்டும். சாட்சியாகப் போகிறவர்கள் போனிலேயே என்ன பத்திரம் என்று கேளுங்கள், வீட்டுக்காரியிடமும் பேசுங்கள். ஊசி கேட்கிறவனுக்கு ஊசி போடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆட்டோவில் அவன் முகத்தைப் பார்த்தபோது போடலாம் என்று தோன்றியது, அவள் முகத்தைப் பார்த்தபோது கூடாது என்று தோன்றியது.

ஏப்ரலில் கஸ்தூரி போன் செய்தாள். மூச்சு திணறி நினைவில்லாமல் கிடந்தபோது மெஷின் வைக்கலாமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றிருக்கிறாள். ஆக்சிஜனும் மருந்தும் மட்டும். அன்றைக்கே போய்விடுவார் என்றார்கள், மறுநாள் கண் விழித்து நாலு நாள் இருந்திருக்கிறான். மூன்றாம் நாள் வலியில் மறுபடி ஊசி கேட்டானாம். மருந்தைக் கூட்டினார்கள், தூங்கினான். அதை மட்டும் மறக்க முடியவில்லை என்று அழுதாள்.

கடைசியாக ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

"ஒண்ணியும் பெர்சா சொல்லலண்ணா. கஞ்சில உப்பு இல்லன்னு கத்துனாரு. கொழா வச்சிருந்தா அதக்கூட கேட்டுருக்க மாட்டேன்."