கூட்டினால் எட்டு

இதுவரை என் பெயரில் மூன்று கார்கள் இருந்திருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்ததும் கடனில் வாங்கிய சின்னக் கார், பிள்ளை பிறந்த பிறகு வந்த கொஞ்சம் பெரிய கார், இப்போது நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது. மூன்றையும் வாங்கும்போது விற்றவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நம்பர் ஏதாச்சும் பாக்கறீங்களா மேடம்?" வருகிற நம்பர் வரட்டும் என்று சொல்லிவிடுவேன். நம்பரை மாற்றி நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர். அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து, பேரும் நம்பரும் எழுதித் தரும் பட்டறை வைத்திருந்தார். வாடிக்கைக்காரர் ஒருவர் அந்தக் காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். காரில் ஒரு குறையும் இல்லை. நம்பர்தான் குறை. 3113. கூட்டினால் எட்டு வரும். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் சனியனை வேண்டுமானாலும் வீட்டுக்குள் விடுவார்கள், எட்டை விடமாட்டார்கள். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பாதி விலை என்பதில் மட்டும் நல்ல நம்பிக்கை இருந்தது.

அம்மாவுக்கு எட்டு முதல் நாளே உறுத்திவிட்டது. வீட்டில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்கு இருந்தாள். அவளுக்குப் பரீட்சை எழுதி ஏதாவது ஓர் அரசாங்க வேலைக்குப் போக ஆசை. தடித்தடியான புத்தகங்களை வைத்துக்கொண்டு படிப்பாள். அப்பாவிடம் கேட்டால், "கட்டிக் குடுத்த பொறவு அங்க போயி எழுதிக்க சாமி" என்பார். கார் வந்த ஆறு மாதத்தில் அவளுக்கு இரண்டு இடம் தட்டிப்போயின. ஒன்றில் ஜாதகம் பொருந்தவில்லை, இன்னொன்றில் அவர்கள் கேட்டதை எங்களால் செய்ய முடியவில்லை. அம்மா இரண்டையும் காரின் தலையில் எழுதினாள்.

மூன்றாவதாக எடப்பாடியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்குச் சொந்தமாகத் தறிப்பட்டறை. அவர்கள் வந்து பார்த்துப் பிடித்துப்போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்துக்குள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கை நனைத்தால் முடிவு செய்துவிடலாம் என்று சொல்லிப் போனார்கள்.

"ஏனுங்க, இந்த வண்டியிலதான் போகோணுமுங்களா?" என்றாள் அம்மா.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா வண்டிய வித்துப்போடறேன். போதுமா?" என்றார் அப்பா.

பள்ளிக்கு முன்னால் அந்தக் காரிலிருந்து இறங்கும் சுகம் எனக்குப் புதிது. அத்தை கல்யாணமும் நடக்க வேண்டும், காரும் வீட்டிலேயே இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்ததில் வழி மிகவும் சுலபமாக இருந்தது. ஒன்றில் ஒரு கோடு இழுத்தால் ஏழு. 3713. கூட்டினால் பதினாலு, அதைக் கூட்டினால் ஐந்து. ஐந்து ராசியான நம்பர் என்று பட்டறைக்கு வருகிற லாரிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கடைவீதிக்குப் போயிருந்தாள். அப்பா பட்டறையில். வீட்டில் கிடந்த கறுப்புப் பெயின்டையும் இரண்டாம் நம்பர் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு காரின் முன்னால் குத்தவைத்தேன். பிறந்ததிலிருந்து எழுத்துக்காரர்களின் கையைப் பார்த்து வளர்ந்தவள் ஆதலால் கோடு நன்றாகவே விழுந்தது. பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை வந்துவிட்டாள்.

"என்ன பண்ற?"

"உங்க கல்யாணம் நிக்காம இருக்கறதுக்குத்தான் அத்தை" என்று சொல்லி, கணக்கையும் போட்டுக் காட்டினேன்.

அத்தை திட்டவில்லை. நம்பர் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, வழிந்திருந்த ஒரு சொட்டுப் பெயின்டைத் துணியால் துடைத்தாள்.

"மேல் கோடு வெளுப்பா இருக்குது. இன்னொருக்கா இழு" என்றாள். "ஆருகிட்டயும் சொல்லாத."

மறுநாள் காலையில் யாரும் நம்பரைப் பார்க்கவில்லை. தினம் பார்க்கிற பொருளை யார் படித்துப் பார்க்கிறார்கள்? அம்மா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான் ஐந்து பேரும் கிளம்பினோம். அத்தை வாசலில் நின்று கையசைத்தாள். சங்ககிரி தாண்டியதும் போலீஸ் கை காட்டியது. அன்றைக்கு எல்லா வண்டியையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஆர்.சி. புத்தகத்தைத் தைரியமாக நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தார்.

"புக்குல ஒண்ணு இருக்குது, பிளேட்டுல ஏழு இருக்குது. என்ன தொழில் பண்றீங்க?"

"லாரிக்கு நம்பர் எழுதறதுங்க சார்" என்றார் அப்பா.

உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டிய உண்மை அல்ல. அவரை ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, யாருக்கோ போன் மேல் போன் போட்டார்கள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. இறங்கிப் போய், "நான்தானுங்க எழுதுனேன்" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து ஏழு போடச் சொன்னார். போட்டேன். எங்கள் பட்டறை ஏழுக்கு மேல்கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். காகிதத்திலும் அதே கொக்கி. அவர் சிரித்துவிட்டார். பக்கத்துக் கடையில் பெட்ரோல் வாங்கிவந்து ஏழின் மேல்கோட்டைத் துடைத்து, அது மறுபடி ஒன்றான பிறகுதான் எங்களை விட்டார்கள்.

அதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. அப்பா ஜீப்பருகே நின்றதை எடப்பாடிக்குப் போன யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் வாசலிலேயே தண்ணீர் கொடுத்தார்கள். "நேரங் கடந்துபோச்சுங்க. பொறவு பாத்துக்கலாமுங்க" என்று பையனின் அப்பா மரியாதையாகச் சொன்னார். அந்தப் 'பொறவு' வரவே இல்லை.

அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்பா சொன்னபடியே அந்த மாதத்திலேயே காரை விற்றார். இன்னொரு இடம் பார்க்க மனம் வராமல் ஒரு வருடம் சும்மா இருந்தார். அந்த வருடத்தில்தான் அத்தை பரீட்சை எழுதினாள்.

எடப்பாடியிலிருந்து திரும்பிய அன்று மாலை நான் மாடியில் போய் உட்கார்ந்து அழுதேன். நல்ல சேதியோடு வருவோம் என்று வைத்திருந்த பாயசத்தை எடுத்துக்கொண்டு அத்தை வந்தாள்.

"உங்க கல்யாணத்த நானே கெடுத்துப்போட்டேன் அத்தை."

"நீ ஒண்ணும் கெடுக்கல சாமி" என்று என் கண்ணைத் துடைத்து, பாயசத்தை ஊட்டிவிட்டாள். தானும் குடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இவ்வளவு பெரிய தப்பை மன்னிக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன். அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது, என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய வயதில்தான் எனக்குப் புரிந்தது.