அக்கா வீட்டு மயில் கேட்

ஸ்ரீரங்கத்தில் என் பெரிய அக்கா வீட்டு கேட்டில் ஓர் இரும்பு மயில் உண்டு. தோகை, கழுத்து, கொண்டை எல்லாம் சரியாக இருந்தன, கால்கள் மட்டும் இல்லை. வீடு கட்டியபோது அத்தான் ஆசையாகச் சொல்லிச் செய்த கேட் அது. உள்ளே இடம் குறுகல் என்பதால் தெருப் பக்கமாகத் திறக்கும்படி மாட்டினார்கள். சந்துக்குப் புது ரோடு போடும் ஒவ்வொரு முறையும் கேட் தரையில் இடித்துக்கொண்டு திறக்க மறுக்கும். வெல்டிங்காரர் வந்து அடியில் ஒரு பட்டை அறுத்துவிட்டுப் போவார். முதலில் அடிச்சட்டம் போனது, பிறகு மயில் நின்றிருந்த கொடி, கடைசியாகக் கால்கள். அறுத்த துண்டு எதையும் அக்கா பழைய இரும்புக்குப் போடவில்லை. கம்பியால் கட்டி மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். "ரோடு ஏறுனதுக்கு சாட்சிடா தம்பி. இதையும் தூக்கிப் போட்டுட்டா நாளைக்கு எவனும் நம்ப மாட்டான்" என்பாள்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதைப் போட வேண்டும். அதுதான் முறை என்று போடுகிறவர்களுக்கும் தெரியும், போடச் சொல்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சந்தில் ஒரு தடவைகூட யாரும் சுரண்டவில்லை. தேர்தல் வாசனை அடித்தால் போதும், பழசின் தலையிலேயே தாரைக் கொட்டி ரோலரை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். படியேறிப் போன வீடு ஒரு கட்டத்தில் தெருவுக்குச் சமமானது. அப்புறம் தெருவிலிருந்து இறங்கிப் போகிற வீடானது. அக்கா வீட்டுக்குள் நுழையும்போது தலை நிலைப்படியில் இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து எனக்கே பழகிவிட்டது.

அக்கா சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை, எந்தக் கட்சியையும் விட்டுவைத்ததுமில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. சாம்பாரை ஊற்றும்போதே பட்ஜெட்டை ஆரம்பித்துவிடுவாள். இலவசங்களால் மாநிலமே திவாலாகிறது என்று டி.வி.யில் யாராவது சொன்னால் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிடுவாள். "காலையில வெறும் வயித்தோட வந்து பெஞ்சுல சாயுற புள்ளைய இவன் பாத்திருக்கானா? நான் பாத்திருக்கேன். புள்ளைங்க சாப்பிடறதும் பொம்பளைங்க பஸ்ல வேலைக்குப் போறதும் இவனுக்கு எலவசமாத் தெரியுதா?" என்று திரைக்குள் இருப்பவரோடு சண்டை பிடிப்பாள். அதே வேகத்தில் அடுத்த பக்கமும் திரும்புவாள். நன்றாக இருக்கிற நடைபாதையைப் பெயர்த்து வேறு நிறக் கல் பதிப்பது, திறப்பு விழா அன்று மட்டும் தண்ணீர் பீய்ச்சும் நீரூற்று, தலைவர் வருகிறார் என்று ஒரே ராத்திரியில் முளைக்கும் வளைவு என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுத் திட்டுவாள். "சோத்துக்குப் போடற காசு வயித்துக்குப் போவுது. இது எங்கடா போவுது?"

எனக்கு அவளோடு ஒத்துப்போகாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உழைத்து, மாதாமாதம் வரி பிடித்தம் போகச் சம்பளம் வாங்கியவன் நான். இலவச மிக்ஸி, இலவச ஃபேன் என்றால் எரிச்சல் வரும். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். "நீ வருஷா வருஷம் பொண்டாட்டி புள்ளையோட ஓசி ரயில் பாஸ்ல ஊர் சுத்துனியே, அது என்னடா?" என்று கேட்டாள். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அத்தான் ஒரு மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "உங்க அக்கா மந்திரியானா பட்ஜெட்டு நாலே வரிதான் மாப்ளே. சோறு, ஸ்கூலு, ஆஸ்பத்திரி, சாக்கடை. அஞ்சாவது வரி வாசிச்சா எந்திரிச்சு அடிப்பா."

அத்தானுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் சாயங்காலம்தான். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரையும் ஒரு வார்த்தை விசாரிப்பார். பக்கவாதத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டு சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு அது போயிற்று. வீட்டிலிருந்து தெருவுக்கு ஏற இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்க வேண்டும். தினமும் யாரைக் கூப்பிடுவது? ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசலில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மஸ்கட்டில் இருக்கும் அவர்களுடைய மகன் வீட்டைத் தூக்கிவிடலாம் என்றான். எங்கள் பக்கம் இப்போது இது சகஜம். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கீழே புதிதாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். செலவு முழுவதையும் தான் ஏற்றுக்கொள்வதாக மகன் சொன்னான். அக்கா கேட்கவே இல்லை. "ஊர்ப் பணத்துல ரோடு ஏறும், அதுக்கு எம் புள்ள பணத்துல வீடு ஏறணுமா? தப்புப் பண்ணது ரோடு. ரோட்டை எறக்கச் சொல்லு." திங்கட்கிழமை ஆனால் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு கிளம்பிவிடுவாள். திருச்சி கே.கே. நகரில் என் வீட்டில் நான் காலை காபியை முடிப்பதற்குள் போன் வந்துவிடும், துணைக்கு வா என்று. ஒருநாள் அவள் உள்ளே போயிருந்தபோது அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ சொல்றது நியாயந்தான் மாப்ளே. நியாயம் வர்ற வரைக்கும் நான் எங்க உக்கார்றது?" அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. வேட்பாளர் திறந்த வண்டியில் சந்து முனைக்கு வந்ததும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடினார்கள். அக்கா வெறுங்கையோடு போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். "ஆரத்தி எடுக்கத் தெரியாதுங்க. வெயிலா இருக்கு, வீட்ல வந்து ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் போங்க." கூட்டத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இறங்கி வந்தார். "தலை, தலை" என்று கூட வந்தவர்கள் கத்துவதற்குள் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். தோள் துண்டு மயிலின் அலகில் மாட்டிக்கொண்டது. அக்கா ரோட்டுக் கதையைச் சொல்லச் சொல்ல மோரைக் குடித்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்த அத்தானைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "சுரண்டிட்டுத்தாம்மா போடுவாங்க. நான் பொறுப்பு" என்றார். அவர் போன கையோடு அத்தான் பரணில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கழுவச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

அவர் ஜெயித்தார். ரோடும் வந்தது. அத்தானை டாக்டரிடம் காட்ட நாங்கள் மூவரும் டவுனுக்குப் போயிருந்த நாளில் வந்தது. ஆட்டோ சந்துக்குள் திரும்பும்போதே தார் வாசனை. அக்கா வெளியே தலையை நீட்டித் தரையைப் பார்த்தாள். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு பளபளவென்று கிடந்தது. கேட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். கேட் இருந்த இடத்தில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கும்படி தாரிலேயே அழகான ஒரு சரிவு. மேஸ்திரி முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார். "ஐயாவ வெளிய கொண்டுவரத்தான் நீங்க இவ்வளவு பாடு படுறீங்கன்னு தெருவுல சொன்னாங்கம்மா. அதான் உங்க வாசலுக்கு மட்டும் சரிவு போட்டுட்டோம். இதுக்குத் தனியா ஒண்ணும் தர வேணாம்."

மழை பெய்தால் சந்துத் தண்ணீர் முழுக்க அந்தச் சரிவு வழியாக நேரே கூடத்துக்கு வரும். அது பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது. எம்.எல்.ஏ.வையே வண்டியிலிருந்து இறக்கியவள் அந்த மேஸ்திரியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றாள். பின்னால் அத்தான், "தள்ளு மாப்ளே, ஏறுதான்னு பாப்போம்" என்றார். உள்ளே இறக்கி, திருப்பி, தள்ளினேன். சுலபமாக ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்தார். பால்காரரிலிருந்து பூக்காரம்மா வரைக்கும் எல்லோரையும் நிறுத்தி நலம் விசாரித்தார். அக்கா உள்ளே போய் ஆட்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள்.

ஐப்பசி வரைக்கும் அவர் சாயங்காலங்கள் தப்பவில்லை. முதல் பெருமழையில் சாக்கடையும் மழையுமாகக் கூடத்துக்குள் வந்தது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி அத்தானை அதன்மேல் உட்கார வைத்தோம். அக்கா வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். ஊற்றியது திரும்ப உள்ளே வந்தது. "சரிவை இடிச்சிடுறேன்னு சொல்லேன், ஏன் யோசிக்கிற?" என்று நான் கத்தினேன். அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்: "இடிச்சிடு. பாத்த வரைக்கும் போதும்." மறுநாள் சரிவை உடைத்து, கேட் ஓரம் தண்ணீர் வராமல் செங்கல் தடுப்புக் கட்டினோம். அதற்காகத்தான் கேட்டைக் கடைசியாக அறுத்தது. மயிலின் கால்கள் அப்போதுதான் போயின. அத்தான் மறுபடியும் ஜன்னலோரத்துக்குப் போனார்.

மார்கழியில் அவர் இறந்தார். கேட்டைக் கழற்றி, தடுப்பைத் தாண்டி, உள்ளே நான்கு பேர், மேலே நான்கு பேர் என்று கைமாற்றித்தான் அவரைத் தெருவுக்கு ஏற்றினோம். அக்கா அழவில்லை. அந்தத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்ததும், வீட்டைத் தூக்க ஆள் வரச் சொல் என்று மகனிடம் அவளே சொன்னாள். ஜாக்கிகள் திருகத் திருக வீடு எழும்புவதை எதிர்வீட்டு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "அவரு இருக்கையிலேயே தூக்கியிருக்கணும். நான் சொன்னது சரிதாண்டா. ஆனா மொதல்ல அவர வாசல்ல உக்கார வச்சிட்டு, அப்புறம் நான் சொன்னதுதான் சரின்னு நின்னிருக்கணும்" என்றாள். அவள் செய்தது தப்பு என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றவில்லை. ஊரில் எங்கே நடந்தாலும் இப்போதெல்லாம் ரோட்டைப் பார்ப்பதில்லை, வாசல்களைத்தான் பார்க்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், தெருவிலிருந்து இறங்கிப் போகிற ஒவ்வொரு கடைக்குள்ளும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் வர முடிவதில்லை.

போன மாதம் போன் வந்தது. "டேய், சுரண்டுறாங்கடா." குரலே வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷத்துத் தாரையும் இயந்திரம் பல் வைத்துப் பெயர்த்துப் போட்டிருந்தது. எந்த மனு வேலை செய்தது, யார் உத்தரவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. புது ரோடு ஆரம்ப காலத்து மட்டத்துக்கே இறங்கிவிட்டது. வீடோ ஏற்கனவே ஏறிவிட்டது. வீட்டைத் தூக்கியபோது தடுப்பை எடுத்துவிட்டு மட்டம் பார்த்து உயர்த்தி மாட்டியிருந்த கேட் இப்போது அந்தரத்தில் தொங்கியது. அடியில் தெருநாய்கள் தாராளமாக நுழைந்து போயின. "அவரு கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு உள்ள ஓடுனேன்" என்றாள் அக்கா.

மாடிப்படிக்கு அடியிலிருந்து துருப்பிடித்த துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்திருந்தாள். வெல்டிங்காரருக்கு அளவு பார்க்க வேண்டிய வேலையே இல்லை, அவரே அறுத்தவைதான். நான் பிடித்துக்கொள்ள, கால்களும் கொடியும் அடிச்சட்டமும் ஒவ்வொன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன. மயில் மறுபடியும் நின்றது. அக்கா கேட்டைத் தெருப் பக்கமாகத் தள்ளினாள். எங்கும் இடிக்காமல் சுவர் வரைக்கும் திறந்தது. மூடினாள், திரும்பத் திறந்தாள். பிறகு உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, முந்தானையால் துடைத்தாள். "உக்காருடா, எவ்வளவு நேரம் நிப்ப" என்றாள். நான் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.