போனைச் சோதித்த ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையின் மூப்பர் என் தலைமேல் மீன்வலையைப் போட்டார். இன்டர்நெட் என்றால் என்ன என்று விளக்குவதற்காக.

திண்டுக்கல்லில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் எங்கள் சபை கூடும். நாற்பது குடும்பங்கள் இருக்கலாம். சினிமா கூடாது, பிறந்தநாள் கொண்டாடக் கூடாது, வெளியாரோடு அதிகம் ஒட்டக் கூடாது என்ற வரிசையில் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது இன்டர்நெட். ஆத்தூர் அணைப் பக்கம் யாரிடமோ வாங்கி வந்த வலையை, முன்வரிசையில் இருந்த என்மேல் விரித்துவிட்டு, "இப்ப ஓடு பாப்போம்" என்றார் மூப்பர். நான் ஓடவில்லை. சபையே என்னைப் பார்த்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் மீன் வாடை அடித்தது, அவ்வளவுதான்.

"அதுல நம்ம சபையப் பத்தி எழுதுறவங்க எல்லாம் நம்மள விட்டுப் போனவங்க. அவங்க எழுத்து விஷம். ஒரு சொட்டு போதும். சந்தேகம் வந்தா எங்கிட்ட வாங்க" என்று அவர் முடித்தார்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. அவரிடம் போகவில்லை.

அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தையல் வகுப்புக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்து, சபையின் பெயரை அடித்து, விட்டுப் போனவர்கள் எழுதியதை ஒரு மணி நேரம் படித்திருக்கிறாள். அதில் பாதிக்குமேல், வீட்டுக்குத் திரும்ப முடியாத ஏக்கம்தான் இருந்தது என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். அடுத்த வாரமே கூட்டத்தில் எழுந்து நின்று, "போனவங்ககிட்ட பெத்தவங்ககூட பேசக்கூடாதுன்னு எந்த வசனத்துல இருக்கு?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அவளும் போனவள் ஆனாள்.

கொடைரோட்டில் ஒரு தையல் கடையில் சேர்ந்துவிட்டாள் என்று காதில் விழுந்தது. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது. சுவரிலிருந்த அவள் படத்தை அப்பா கழற்றினார். ஆணியை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். அக்கா எனக்குச் சடை பின்னினால் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. அம்மா பின்னியது இரண்டாவது பீரியடிலேயே அவிழ்ந்துவிடும். அவிழும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் நீர் வரும். முடி குத்திவிட்டது என்று டீச்சரிடம் சொல்வேன்.

நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தைப் போனில் அனுப்பத் தொடங்கினார்கள். டச் போன் வாங்க அப்பா மூப்பரிடம் அனுமதி கேட்டார். கிடைத்தது. போன் எல்லார் கண்ணிலும் படும்படி நடுவீட்டில் இருக்க வேண்டும், பாடத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும், மாதக் கடைசி ஞாயிறு சபைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

ஒரு சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா வேலையிலிருந்து வரவில்லை. போனை எடுத்து, அக்காவின் பெயரோடு கொடைரோடு என்றும் சேர்த்து அடித்தேன். மூப்பர் சொன்ன விஷம் எந்த மூலையிலிருந்து கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது ஒரு தையல் வீடியோ. முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும். வலது கட்டைவிரலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

"செத்த பொறுங்க, நூலக் கோத்துக்கிறேன்" என்றது அக்காவின் குரல்.

நான் பொறுத்தேன். அவள் நூல் கோக்கும்வரை மூச்சுகூட விடவில்லை.

அதன்பிறகு வாய்த்தபோதெல்லாம் பார்த்தேன். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுவது, பாவாடைக்கு மடிப்பு வைப்பது, தலையணை உறை. தையலில் எனக்குத் துளி ஆர்வமும் கிடையாது. அந்தக் கைகளைப் பார்த்தபடியே, ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

பார்த்ததையெல்லாம் போன் ஞாபகம் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மாதக் கடைசி ஞாயிறு, கூட்டம் முடிந்ததும், மூப்பர் எங்கள் மூவரையும் பக்கத்து அறையில் உட்காரவைத்து, போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஜாக்கெட் கழுத்து. பாவாடை மடிப்பு. தலையணை உறை. ஆறு மாதக் குழந்தைக்குச் சட்டை."

பிறகு ஒன்றைக் கொஞ்சம் ஓடவிட்டார். அக்காவின் குரல் அந்த அறைக்குள் கேட்டது. அப்பா தரையைப் பார்த்தார்.

"யாரு பாத்தது?"

"நாந்தான் பிரதர்" என்றாள் அம்மா.

"இது யாருன்னு தெரிஞ்சுமா பாத்தீங்க?"

"தெரிஞ்சுதான் பாத்தேன்."

"இப்பவாவது மனசு வருந்துதா?"

"இல்ல பிரதர்" என்றாள்.

எட்டு ஞாயிறு தண்டனை. சபையில் கடைசி பெஞ்சு. யாரும் அவளோடு பேசக்கூடாது, வீட்டிலும் அவசியத்துக்கு மட்டும்தான். அப்பா "தண்ணி", "சோறு" என்று ஒற்றைச் சொல்லில் அந்த இரண்டு மாதத்தை ஓட்டினார். அம்மாவும் அக்கா மாதிரிப் போய்விடுவாளோ என்ற பயத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அடுப்படியை எட்டிப்பார்ப்பேன். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டு இருப்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, பாத்தது நானு."

"தெரியும்த்தா. திரும்பு, சடை அவுந்து கெடக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்காக அவள் சொன்ன பொய்யை மன்னித்துவிடும்படி, தினமும் படுக்கும் முன் ஆண்டவரிடம் மன்றாடினேன். யாரும் முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தி, அடுப்புமுன் நின்று தனக்குள் ஏன் சிரித்துக்கொள்கிறாள் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அம்மா இன்றும் ஞாயிறுதோறும் அந்த மாடி ஏறுகிறாள். அப்பாவுக்காக இருக்கலாம். நான் கேட்டதில்லை. கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்ச் சொந்தமாகப் போன் வாங்கியதும், அக்காவின் வீடியோக்களை முதலிலிருந்து ஒன்று விடாமல் பார்த்தேன். குழந்தைச் சட்டை வீடியோவை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அன்று மூப்பர் அதையும் சேர்த்து வாசித்தபோது, அவர் ஏதோ தப்பாகப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தழும்புள்ள கை ஒரு வெள்ளைத் துணியை விரிக்கிறது. "இது எம் மகனுக்கு. அளவெடுக்கலாம்னா சும்மா இருக்க மாட்டேங்கிறான்" என்று அக்கா சிரிக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆனதுகூட எங்கள் வீட்டுக்குச் சேதி வரவில்லை. துணியின் ஓரத்தில் ஒரு சின்னப் பாதம் வந்து உதைத்துவிட்டுப் போகிறது.

அம்மா சொன்னது பொய்யில்லை. நான் மன்றாடிக்கொண்டிருந்த அந்த எட்டு வாரமும், பேரனின் பாதத்தைப் பார்த்துவிட்டு வந்தவளாக, அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல், அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.