மதனகாமப்பூ நாறிய சாயங்காலம்

குடிகாட்டு ஆரோக்கியம்மாளுக்கு அவள் மூக்குதான் சத்துரு. சுற்றிலும் கெமிக்கல் கம்பெனிகள். மகள் இசைவாணிக்கோ பிறந்ததிலிருந்தே வீசிங். காற்றில் லேசாக நெடி மாறினாலும் போதும், இவள் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவாள்.

கல்யாண மேடைகளுக்குத் தழை கட்டுவது அவள் பிழைப்பு. அதற்காகவே வாசலில் ஒரு மதனகாமப்பூ மரம் வளர்த்தாள். பார்த்தால் குட்டைப் பனை மாதிரி இருக்கும். பனையில்லை, மலைக்காட்டு மரம். இத்தனை வருஷம் ஓலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் புண்ணியவான், இந்த வருஷம் உச்சியில் கூம்பாக ஒரு பூ விட்டான்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், குப்பென்று ஒரு நெடி.

"ஐயோ மாதாவே, கேஸு! எல்லாரும் ஓடுங்க!"

மகளை இழுத்துக்கொண்டு அவள் ஓட, தெருவே பின்னால் ஓடியது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெயின்ரோட்டில் நின்றார்கள். எதிர்வீட்டுச் சிங்காரம்தான் துணிந்து போய் மோந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அட கூறுகெட்டவளே, ஒன் வாசல்ல இருக்குற பூவுதான் நாறுது!"

தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. ஆரோக்கியம்மாளுக்கு மானமே போயிற்று. மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் பூவை அறுத்துச் சாக்கில் கட்டி, பஸ் ஏறிச் சிதம்பரத்து நாட்டு மருந்துக் கடையில் விலைக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் அப்படியே நின்றாள். மறுபடியும் நெடி. நேற்றையதைவிட ஜாஸ்தி. கண் எரிந்தது. உள்ளே இசைவாணி இருமத் தொடங்கினாள்.

"மாமா, கேஸு!" என்று எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"பூவுதாம்மா. போயி வேலையப் பாரு."

அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து மரத்தைக் காட்டினாள். உச்சி மொட்டையாக இருந்தது. சிங்காரத்தின் முகம் செத்துப்போயிற்று.

"புள்ளய என் வண்டியில ஏத்து. நீயும் ஏறு."

இசைவாணியை ஏற்றினாள். தான் ஏறவில்லை. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லையே! நேற்று தான் போட்ட கூச்சலால்தானே இன்று எல்லாரும் தைரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்?

"நீங்க போங்க மாமா!"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தம், சிரிப்பு.

"போ ஆரோக்கியம், ஒன் பூவுதான்!"

"வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று கதவைக் காலால் உதைத்துக் கதறினாள். "என் மரத்துல பூவே இல்ல!"