அக்குளில் வந்த பாட்டில்

ஜப்பான்காரன் காலத்தில் நான் பார்த்த வேலையைப் பெண் பார்க்கப் போன இடத்தில் விளக்கிச் சொல்ல முடியாது. மலாக்கா கால்நடை ஆபீசில் லேப் உதவியாளர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆண் பன்றியின் விந்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் உண்மையில் என் பிழைப்பு. எனக்கு அது பிடித்தும் இருந்தது. நல்ல விந்தில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்தால், உலையில் அரிசி கொதிப்பது போலப் புரளும். அதைப் பார்க்கிற நேரம், காலையில் தின்ற வெறும் மரவள்ளிக்கிழங்கு மறந்துபோகும்.

1. கெட்டுப்போன சரக்கு

மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் ஒரு சீனப் பெண்மணி இருந்தாள். எல்லோரும் ஆ சோ என்று கூப்பிடுவோம். புருஷன் இல்லை. ஒரே ஒரு ஆண் பன்றியை வைத்துக்கொண்டு, கயிற்றில் பிடித்து கிளேபாங், செங் என்று பெண் பன்றி இருக்கிற வீடுகளுக்கு நடத்திக் கூட்டிப்போவாள். கிடைக்கிற கிழங்கும் அரிசியும்தான் அவள் வீட்டு அடுப்பு.

கிளேபாங்கில் ஒரு பன்றி சினை பிடிக்கவில்லை என்று புகார் வந்தது. எங்கள் ஜப்பானிய டாக்டர் சட்டம் ஒன்று வைத்திருந்தார்: விந்து தேறாத பன்றி பட்டாளத்துச் சமையலுக்கு. வழக்கமாகக் கொட்டகைக்கே போய்ச் சோதிப்போம். அன்று காருக்குப் பெட்ரோல் இல்லை. ரப்பர் குழாயும் பாட்டிலும் கொடுத்து, ஆ சோவையே எடுத்துவரச் சொன்னோம். அதில் அவள் எங்களைவிடக் கைதேர்ந்தவள்.

கொண்டுவந்தாள். சில்லில் வைத்துப் பார்த்தேன். கொதிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தனையும் அப்படி அப்படியே கிடந்தன.

"ஒண்ணும் அசையல, பிள்ளை" என்றேன்.

பிள்ளை எங்கள் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா; தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன சிட்டி வம்சத்துத் தமிழர். சாமி கும்பிடத் தமிழ், மற்ற எல்லாவற்றுக்கும் மலாய். டாக்டருக்கும் எங்களுக்கும் நடுவில் அவர் மலாய்தான் பாலம். அவர் டாக்டரிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மாத்தி, துவான்." செத்துவிட்டது, ஐயா.

டாக்டர் தலையாட்டினார். மறுநாள் மாட்டுவண்டி போய்ப் பன்றியை ஏற்றிவர வேண்டும் என்று உத்தரவு. வெளியே பெஞ்சில் இருந்த ஆ சோவுக்கு அந்த ஒரு சொல் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. முந்தானை இல்லாததால் சட்டையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மூடி வைக்கலாம் என்று பாட்டிலை எடுத்தேன். சில்லென்று இருந்தது. மலாக்கா வெயிலில் நடந்து வந்த பாட்டில் எப்படிச் சில்லென்று இருக்கும்?

"ஆ சோ, இத எங்க வச்சிருந்த?" என்று மலாயில் கேட்டேன்.

"கிணத்துலதான். பிள்ளை சொன்னாரே, கெட்டுப்போகாம கொண்டாந்துடுன்னு. தேங்காப்பால் மாதிரி வாளியில போட்டுத் தண்ணிக்குள்ள இறக்கி வச்சேன். வழியெல்லாம் ஈரத்துணி சுத்திக்கிட்டு வந்தேன். கெட்டுப்போச்சா?"

பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் கெட்டுப்போகக் கூடாத பொருள் கிணற்றுக்குத்தான் போகும். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அப்படித்தான். இந்தச் சரக்கு மட்டும் உடம்புச் சூட்டில் இருந்தால்தான் ஓடும்.

சில்லை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி மறுபடி பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக வால் துடித்தது. அதற்கு மேல் எழவில்லை.

பிள்ளை தன் வார்த்தையைத் தானே போய் மீட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி டாக்டரிடம் சொன்னார்: "ஓராங் மாத்தி இல்ல துவான், ஜாம் மாத்தி. சாவி குடுத்தா ஓடும்." மனிதன் செத்தாலும் கடிகாரம் நின்றாலும் மலாயில் 'மாத்தி' என்ற ஒரே சொல்தானே. டாக்டர் குனிந்து தானும் பார்த்தார். "நாளை இன்னொரு பாட்டில். வண்டி கிளம்புவதற்கு முன்" என்றார்.

2. சென்ட்ரி

மறுநாள் ஆ சோ வந்தபோது இடது கை விலாவோடு ஒட்டியிருந்தது. பாட்டில் அக்குளில். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

ஆபீசுக்கு முன்னால் சென்ட்ரி, காவலுக்கு நிற்கும் ஜப்பான் சிப்பாய். அவனுக்குக் குனிந்து வணங்காமல் யாரும் போக முடியாது. ஆ சோ ஒரு கையை இறுக்கிக்கொண்டே கோணலாகக் குனிந்தாள். அவன் கத்தினான். கையைத் தூக்கச் சொல்லிப் பாட்டிலைப் பிடுங்கினான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். அவன் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவன் பாட்டிலை அவள் கையில் திணித்து, போ போ என்று விரட்டினான். அவள் மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

சில்லைக் கையில் தேய்த்துச் சூடாக்கி ஒரு சொட்டு வைத்தேன். உலை கொதித்தது. எழுந்து டாக்டருக்கு இடம் விட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பிள்ளை சொல்லித் தந்த மலாயிலேயே சொன்னார்: "ஜாம் ஜாலான்." கடிகாரம் ஓடுகிறது.

மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆ சோ மட்டும் கையை விலாவோடு இறுக்கியபடியே நின்றாள்.

"பாட்டில் எங்கிட்ட இருக்குலா, ஆ சோ. கைய எறக்கு" என்றேன்.

"எறக்கலாமா?" என்று கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

கிளேபாங் பன்றி அடுத்த முறை சினை பிடித்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ பாட்டில் என் மேசைக்கு வந்தது. முதலில் கையால் தொட்டுப் பார்ப்பேன். கண்ணை வைப்பது அதற்கு அப்புறம்தான்.