ரவைக் கடையில் வேலை

பலெர்மோவில், கபோச் சந்தைக்குப் பின்னால் இருந்த துவக்கு, துப்பாக்கி விற்கிற ஒரு கடையில் களஞ்சியம் பார்த்தேன். வெடிச்சத்தத்துக்குத் தப்பி வன்னியிலிருந்து ஓடி வந்தவனுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை அது. ரவைப் பெட்டிகளை, அதாவது தோட்டாப் பெட்டிகளை, அளவு பார்த்து அடுக்குவேன். கடைக்கார அம்மா, சிஞ்ஞோரா, எனக்குக் கற்பித்த தொழில் ரகசியம் ஒன்றுதான்: பழைய அளவைக் குறை சொல், புதியது விற்கும்.

மகளுக்குச் சம்பந்தம் பேசிய மன்னார்க்காரர் மரியதாசண்ணை, மாப்பிள்ளையின் தகப்பன், போனில் என் தொழிலைக் கேட்டார்.

"ரவைக் கடையிலை வேலை அண்ணை."

"நல்லது. சாப்பாட்டுச் சாமான் யாவாரம் ஒருநாளும் படுக்காது."

போரில் நிறையப் பட்ட மனிதர். துவக்கோடு தொடர்புள்ளவனை வீட்டு வாசலிலும் ஏற்றமாட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. மகளோ அந்தப் பெடியன் இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று நின்றாள்.

"நீங்கள் பொய்யோ சொன்னனீங்கள்? கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறவாதேங்கோ" என்றாள் மனைவி. எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, நிச்சயதார்த்தத்துக்காகப் பலெர்மோ வந்திருந்த மரியதாசண்ணை, இடத்தை விசாரித்துக்கொண்டு கையில் பையோடு கடைக்குள் வந்து நின்றார். நிச்சயதார்த்தக் கேசரிக்கு ரண்டு கிலோ ரவை வேண்டுமாம். சுவர் முழுக்கத் துவக்குகளைக் கண்டதும் ஆள் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பல் வைத்தியர் மேசையில் கிடந்த ரவையை இத்தாலியனில் திட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறுகளில் சூட்டுத் திடலில் கடதாசியைச் சுடுகிற வீரர். எந்தப் புது அளவு வந்தாலும் முதலில் வாங்குவார். கடதாசியில் விழுவது அதே ஓட்டைதான்.

"ஏழு புள்ளி அறுபத்திரண்டு அளவா? பாட்டன் காலத்துச் சாமான். இதில் என்ன வலு இருக்கிறது?"

"என்னவாம்?" என்றார் மரியதாசண்ணை.

"இந்த ரவை பழசாம் அண்ணை. வலு காணாதாம், போதாதாம்."

அவர் அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு குனிந்து காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். கெண்டைச் சதையில் பாதியைக் காணவில்லை.

"காணும் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். பல் வைத்தியர் கிட்ட வந்து, ஆர்வத்தோடு உற்றுப் பார்த்தார். "எத்தனை மீட்டரிலிருந்து?"

அதையும் மொழிபெயர்த்தேன். வெட்கமாக இருந்தது.

"பங்கர் வாசலிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனான். அளந்து பாக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

பல் வைத்தியர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். மரியதாசண்ணை காற்சட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரவைக் கடைதான். நீங்கள் பொய் சொல்லேல்லை." சிரித்தாரா, முறைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பிள்ளையள் விரும்பீட்டுதுகள். கலியாணத்தை வைப்பம். வெடி மட்டும் கொளுத்த வேண்டாம்."

வெடி கொளுத்தாமல்தான் கலியாணம் நடந்தது. வேலையை விடும்வரை, பழைய ரவைக்கு வலு காணாது என்று பிறகு நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சிஞ்ஞோராவுக்கு என் விற்பனைத் திறமை போய்விட்டது என்று மனக்குறை.